அப்பாவைப் பீடத்திலிருந்து இறக்கியவர்களுக்கு

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மகள் எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பம்பட்டில் பிறந்த அப்பா, மின்சார ரயிலில் நின்றபடியே கிரேக்கம் படித்து, நகரத்தில் ஓர் இறையியல் கல்லூரியில் பேராசிரியரானார். ஆதிச் சபையார் கையால் எழுதிவைத்த சுவிசேஷப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருடைய ஆராய்ச்சி. பழைய பிரதிகளில் இல்லாத ஒரு வரி பிந்தியவற்றில் மட்டும் இருந்தால், அது யாரோ பிறகு சேர்த்தது என்பார். "சேர்த்தது எவ்ளோ அழகா இருந்தாலும் தனியா எடுத்து வெச்சிடணும்மா" என்று சோறு பிசையும்போதுகூடச் சொல்வார்.

எண்பதுகளில் ஆவடியில் எங்கள் சபையில் பீடமேறிப் பிரசங்கமும் செய்துவந்தார். ஒருநாள் அங்கே வேதபாட வகுப்பில், ஒரு சுவிசேஷத்தின் கடைசி வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் அவரை வாசலிலேயே மறித்தார்.

"இன்னா வாத்தியாரே, ஆண்டவர் வார்த்தையிலயே கை வெக்கிறியா? நீ சாத்தானோட ஆளு. இனிமே பீடத்தாண்ட வராதே."

இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அன்று அங்கேதான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். செயலாளர் அதோடு விட்டாரா? கல்லூரி வரை போய்ப் புகார் செய்தார். அப்பாவின் வேலை போயிற்று. அதன்பின் திருநின்றவூர் வாடகை வீட்டில் டியூஷன் எடுத்தே எங்களைப் படிக்கவைத்தார். கடைசி நோயிலும் கிரேக்க வேதம் அவர் தலைமாட்டில்தான் இருந்தது. சபையார் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது அதே செயலாளர், இம்மலரில் போடச் சொல்லி ஒரு புகழுரை அனுப்பியிருக்கிறார். அப்பா சபையின் ரத்தினமாம், தமக்கு உடன்பிறவாச் சகோதரராம். படித்ததும் மடித்து மேசைமேல் எறிந்தேன்.

"போவட்டும் உடும்மா. மன்னிச்சிட்டுப் போட்டுடு. நாலு பேர் பாப்பாங்க" என்றார் அம்மா.

"நாலு பேர் பாக்கத்தாம்மா அன்னிக்கி அப்பாவ அசிங்கப்படுத்தினாரு" என்றேன். நான் மன்னிக்கவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கும், சவப்பெட்டியைச் சுமந்த டியூஷன் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

செயலாளர் ஐயாவுக்கும் அப்பாவின் முறைப்படியே மரியாதை செய்திருக்கிறேன். அவர் அன்று பேசியதை ஓர் எழுத்தும் குறையாமல் மேலே அச்சிட்டிருக்கிறேன். புகழுரை பிறகு சேர்த்தது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.