களவா என்பது மீனின் பெயர்

ஆவணியில் அமீரகத்தின் ஃபுஜைராக் கரையில் தூண்டில் போட யாரும் வருவதில்லை. குளிர் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கோடையில் கரையோரத் தண்ணீர் வெந்நீர் போலிருக்கும்; பெரிய மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும்.

எங்கள் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஒருவன் மட்டும் போனான். ராமநாதபுரம் கடலோரத்துக்காரன்; கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் வேலை. அந்த மாதக் கடைசியில் அவனுடைய ஒரே தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண் கையில் பொரி அள்ளிப்போட அண்ணன் வேண்டும். அவன் கேட்ட லீவு கேம்ப் இன்சார்ஜிடம் நின்றிருந்தது. இன்சார்ஜ் யாழ்ப்பாணத்தவர், மீன் என்றால் உயிர். வெறுங்கையோடு போய் நிற்பதைவிட ஒரு மீனோடு போகலாம் என்று நினைத்திருக்கிறான்.

தன்னுடைய வார விடுமுறை நாளில் விடியும்போது பொதுக் கடற்கரையின் பாறைகளில் நின்று ஒரு நல்ல மீனைப் பிடித்தான். மீன்பிடி அனுமதியும் கைப்பேசியில் இருந்தது. கறுப்புக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனான்.

நான் அப்போது சைட்டில் இருந்தேன். அங்கே நடந்த பேச்சை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

"இந்த வெக்கைக்குள்ள என்னெண்டடா மீன் பிடிச்சனி?"

"களவா சார். கரையில நின்னே புடிச்சேன். அங்கிட்டு ஒரு ஆளு இல்ல, நான் மட்டுந்தான்."

"களவாவோ?"

"ஆமா சார், களவாவேதான். உங்களுக்குன்னுதான் கொண்டாந்தேன்."

இங்கே ஹமூர் என்கிற மீனுக்கு ராமநாதபுரத்தில் களவா என்று பெயர். யாழ்ப்பாணத்தில் அது கலவாய். அங்கே 'களவா' என்றால் திருட்டுத்தனமாக என்று அர்த்தம்; 'என்னெண்டு' என்றால் 'எப்படி'. எப்படிப் பிடித்தாய் என்று அவர் கேட்டதை, என்ன மீன் என்று கேட்டதாக இவன் எடுத்துக்கொண்டான். ஊரில் பத்திரிகை வேலையில் இருந்தபோது ல, ள திருத்துவதே என் பாதி நாளைத் தின்றிருக்கிறது. ஒரு மலையாளியிடமோ அரபியிடமோ பேசியிருந்தால் அவன் ஹமூர் என்றே சொல்லியிருப்பான். எதிரே இருந்தவர் தமிழர் என்பதால் ஊர்ப் பெயரைச் சொன்னான்.

துறைமுக வேலிக்குள் மீன் பிடித்து இரண்டு பேர் போலீசில் மாட்டி, இனி களவாக மீன் பிடிக்கிறவனுக்கு லீவு கிடையாது என்று ஹெட் ஆபீஸ் அறிவித்திருந்த நேரம் அது. இன்சார்ஜ் அவனை வெளியே அனுப்பிவிட்டு, களவாகப் பிடித்ததாக அவனே ஒப்புக்கொண்டான் என்று ஆங்கிலத்தில் மெயில் போட்டுவிட்டார்.

மதியம் நான் விஷயத்தைச் சொன்னதும் கவரைப் பிரித்துப் பார்த்தார்.

"ஐயோ, இது கலவாயெல்லே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீனை மெஸ்ஸுக்கு அனுப்பி, "தலைய எனக்கு வையுங்கோ" என்றார்.

மெயிலைத் திருத்தி எழுதச் சொன்னேன்.

"இதை இங்கிலீசில என்னெண்டு எழுதுறது? எனக்குத் தமிழ் தெரியாதெண்டோ? அங்க இருக்கிற இந்திக்காரர் சிரிப்பினம்."

நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். "விடுங்கோ பாப்பம்" என்றவர், அவனிடம் அனுமதி இருக்கிறது என்று மட்டும் இன்னொரு வரி அனுப்பினார். மாலைக்குள் ஹெட் ஆபீஸ் பதில் வந்துவிட்டது: அனுமதி வைத்திருப்பவன் களவாகப் பிடித்தேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? லீவு இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கேம்ப் முழுக்கக் கதை பரவிவிட்டது. "யோவ் களவாணி, குழம்பு பிரமாதம்யா" என்று கடலூர்க்காரர் ஒருவர் தட்டை நீட்டினார். அவனும் சிரித்துத்தான் வைத்தான்.

மறுநாள் காலை டூட்டி பஸ் ஏறும் இடத்தில் இன்சார்ஜ் அவன் தோளில் கை வைத்தார். "குறை நினையாத தம்பி. வாற வருசம் முதல் லீவு உனக்குத்தான்."

"வர்ற வருசம் கட்டிக்குடுக்க எனக்கு வேற தங்கச்சி இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறினான்.

இன்சார்ஜ் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களோ, என்ன வாய்க்கொழுப்பு" என்றார்.