‘இருக்கியா?’ என்று கேட்டவர்

தேன்மொழி போய்விட்டார் என்று அவர் தம்பி வேலு போனில் சொன்னபோது, நான் கடையில் ஒரு பிரிண்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலிக்குதுன்னாங்கண்ணா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டுது" என்றான். அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் தேன்மொழி. உள்ளே ஒரே ஒரு சொல்: "இருக்கியா?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நானும் தேன்மொழியும் சேர்ந்து நடத்திய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்துபோன உங்களுக்கு அந்தச் சொல் தெரியும். மெயில் திறக்காமல் மூடி மூடிப் போகும் கம்ப்யூட்டரைச் சரிசெய்து முடித்ததும் எனக்கு ஒரு சோதனை மெயில் அனுப்புவார். மற்றவர்கள் ‘டெஸ்ட்’ என்று போடுவார்கள். இவர் "இருக்கியா?" என்று போடுவார். நான் "இருக்கேன்" என்று பதில் போட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். வீட்டிலிருந்த அவருடைய மெஷினும் அடிக்கடி மக்கர் பண்ணும். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் பார்த்தவர் தன்னுடையதை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. அதை எழுப்பி உட்காரவைக்கும் ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். "இல்லாம எங்க போவேன்?" என்று ஒருமுறை எழுதினேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா" என்று வந்தது.

வல்லத்தில் ஓர் உரக்கடைக்காரருக்கு, மெயிலெல்லாம் சேர்ந்திருந்த ஃபைல் கெட்டுப்போய்விட்டது. திறந்த கணமே மூடிக்கொள்ளும். மனிதர் விடாமல் திறந்துகொண்டே இருந்தார். "வயித்தால போறவனுக்கு வாயில சோத்தத் திணிப்பீங்களா? கைய எடுங்க சார்" என்றார் தேன்மொழி. கெட்ட ஃபைலுக்கு ‘பழசு’ என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதன் நகலில்தான் கைவைப்பார். அது அவர் வழக்கம். அன்று மீண்டு வந்த மெயில்கள் பலவற்றில் அனுப்பியவர் பெயர் இல்லை. தேதி எல்லாம் அன்றைய தேதி. அதில் ஒன்று, "மல்லாட்டை மூட்டை ஏத்தியாச்சா?" என்று கடலை மூட்டையைப் பற்றிக் கேட்டது. உரக்கடைக்காரரின் இறந்துபோன அண்ணன் எப்போதோ எழுதியது. மனிதர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "இது இன்னைக்கு வந்ததாம்மா?"

"தேதி தொலஞ்சிட்டா மெஷினுக்கு எல்லாமே இன்னைக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டு தேன்மொழி டீ கேட்டார்.

எனக்கு வந்த மெயிலுக்கும் காரணம் இருந்தது; வேலுவுக்குப் போன் போட்டதில் தெரிந்தது. படத்திறப்புக்கு வைக்க வீட்டில் அவர் படமே இல்லை. போட்டோ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். யாருக்கோ மெயிலில் அனுப்பிய ஒரே ஒரு படம் உண்டென்று தேடி, வேலு அவர் மெஷினைத் திறந்திருக்கிறான். அவர் கடைசியாக எழுதி, போகாமல் அவுட்பாக்ஸில் தங்கியிருந்த கேள்வி அப்போது கிளம்பியிருக்கிறது. உடனே மெயில் மூடிக்கொண்டதாம். இதெல்லாம் விளங்கிய பிறகும் அந்தச் சொல்லை மறுபடி மறுபடி படித்தேன்.

"இனிமே திறக்காத, இருக்கிறதும் போயிடும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவர்கள் வீடிருக்கும் பனமலைக்குப் பஸ் ஏறினேன். கெட்ட ஃபைலுக்கு ‘பழசு’ என்று பெயர் வைத்தேன். நகலைச் சரிசெய்யப் போட்டுவிட்டு, மத்தியான வெயிலில் ஏரியைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

படம் பாதிதான் வந்தது. நெற்றியும் கண்களும் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலு அழுதான். "அக்கா கண்ணுதாண்ணா. இது போதும்."

படத்துக்குக் கீழே, மீண்டு வந்த மெயில்கள் வரிசையாக நின்றன. அனுப்பியவர் பெயர் இல்லை. எல்லாம் அன்றைய தேதி. இருக்கேன். இருக்கேன். இருக்கேன். திரை முழுக்க அதுவே.

"யாருண்ணா அனுப்புனது? அக்காவா?" என்றான் வேலு.

எல்லாம் நான் போட்ட பதில்கள். "பேரு போயிட்டுது வேலு" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் ‘பழசு’ இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய கேள்வியும் இருக்கிறது. கடை திறந்ததும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் போடவில்லை. போட்டால், அது வேலு பார்க்கும் மெஷினில் போய் நிற்கும். அதில் என் பெயர் இருக்கும்.