லினக்ஸ் போட்டேன், எழுத்தைக் காணோம்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடுவது அரை மணி நேர வேலை. போட்டு முடித்த பிறகுதான் வம்பே ஆரம்பிக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மலேசியாவில், பகா என்ற ஊரில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து சரோஜா அக்கா கூப்பிட்டார். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாற்று வீடு கேட்கும் இருபத்தேழு வீட்டுக்காரர்களின் பட்டியலை, குடியிருப்பாளர் குழுச் செயலாளரான அக்காதான் தமிழில் அடித்து வைத்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு அதை வக்கீலிடம் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு மனு கிடையாது. அன்று பார்த்துக் கணினி திறக்க மறுத்தது.

அக்கா வீட்டுக்கே போனேன். கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். எடுத்த கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

வைஃபை இல்லை

புது லினக்ஸுக்கு அந்தக் கணினியின் வைஃபை கண்ணிலேயே படவில்லை. சரி, கைப்பேசியைக் கேபிளில் மாட்டி இன்டர்நெட் எடுப்போம் என்று பார்த்தால், கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கும் கதவுக்குமாகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அக்கா கோப்பி கலக்கிக்கொண்டே சொன்னார்: "லைன் வேணும்னா மெயின் ரோடு வரைக்கும் போவணும் தம்பி. மழை பேஞ்சா அங்கயும் கெடைக்காது லா."

மணி நாலு

திரையின் மூலையைப் பார்த்தேன். மணி நாலு. வக்கீல் வந்து போயிருப்பார், இருபத்தேழு குடும்பமும் என்னைத் தேடி வரும் என்று நினைத்தேன். பிறகுதான், கடிகாரம் வேறு ஏதோ நாட்டு நேரத்தில் நிற்பது புரிந்தது. அது விடிகாலை நாலு. நம் ஊரில் பகல் பன்னிரண்டு. கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றினேன். அக்கா எட்டிப் பார்த்தார். "நாலு மணியா? பெரட்டுல பேர் கொடுத்து வேலைக்குப் போக ஆள் எழுப்புற நேரம். தோட்டத்து மெசின்தானே, பழக்கம் விடல."

எழுத்து போச்சு

பட்டியலைத் திறந்தேன். முதல் வரியில் "Kdpak;kh" என்று இருந்தது. பக்கம் முழுக்க அதே கூத்து. எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. அக்கா அடித்தது பழைய காலத்து எழுத்துரு. கோப்பை எடுத்த நான் எழுத்துருவை எடுக்கவில்லை. துடைத்ததோடு அதுவும் போய்விட்டது; இன்டர்நெட் இல்லாமல் மறுபடி இறக்கவும் வழியில்லை. "அக்கா, நான் கெடுத்துட்டேன்" என்று சொல்லியே விட்டேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்து விரலையும் மேசைமேல் வைத்தார். தோட்ட ஆபீசில் இருபது வருஷம் தட்டச்சு செய்தவர் அவர். அந்த எழுத்துருவும் தமிழ்த் தட்டச்சு மெசினின் முறைப்படி செய்ததுதான். திரையில் தெரிந்ததெல்லாம் அவர் விரல்கள் முன்பு அழுத்திய விசைகள். திரையைப் பார்த்தபடி வெறும் மேசையில் தட்டினார். தட்டிக்கொண்டே சொன்னார்: "முனியம்மா, ஒன்னாம் நம்பர் வீடு. அடுத்தத சொல்லவா?"

பதினாலாம் நம்பர்

லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலைத் துழாவினேன். தமிழ்த் தட்டச்சு முறை உள்ளேயே இருந்தது. இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. அதை மாற்றிக் கொடுத்ததும், அக்கா பழைய கோப்பைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். நான் வீட்டு எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒன்றே காலுக்கு முடிந்தது. எண்ணினேன், இருபத்தாறுதான் இருந்தது. ஒரு வரியை நான்தான் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். பழைய கோப்பில் தேடினேன். அதிலும் பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்துதான். இந்த வரி முதலிலிருந்தே இல்லை. "அக்கா, பதினாலு யார் வீடு?" என்றேன்.

அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பெயர் கேட்டவர் அவர். அவர் கதவை யாரும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நாம ஒக்காந்திருக்கிற வீடுதான் தம்பி."

இருபத்தேழு வீடும் அச்சாகி இரண்டு மணிக்கு முன்பே வக்கீல் கைக்குப் போய்விட்டன. இப்போதெல்லாம் எதைத் துடைப்பதற்கு முன்பும் எழுத்துருக்களைப் பத்திரமாக எடுத்து வைக்கிறேன், அன்றைக்கும் எடுத்து வைத்திருந்தால் அக்காவின் வீடு என்னவாகியிருக்கும் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.