கேப்டனுக்குக் கல்யாணம் ஆனபோது

"கேப்டனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சு சீரியலையே கெடுத்துட்டாங்கம்மா" என்று நேற்று மகள் அலுத்துக்கொண்டாள். டிவியில் விண்கலம் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தத்தில் நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

பெரிய காஞ்சிபுரத்து வீட்டில் ஞாயிறு காலைகளில் நாங்களும் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். எதற்கும் அஞ்சாத அதன் கேப்டனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனுக்கும் நடுவில் கல்யாணம் பண்ணி வைத்திருந்தார்கள்.

பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் அப்பா, ஒரு வாரம் அம்மாவைக் கேட்காமலே பெங்களூர் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். தனியாகத்தான் போவதாகத் திட்டம். நாலு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. "உங்கப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று அம்மா என்னைத்தான் தூது அனுப்புவாள்.

அந்த ஞாயிறு வந்த கதையில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் வேறொரு கலத்தில் சிக்கிக்கொண்டார்கள். அவன் பதறிப்போய்க் கட்டளைகளை மாற்றி மாற்றிச் சொன்னான்.

"என்னாம்மா, பயந்துக்கினு இருக்கான்!" என்றேன் ஏமாற்றத்தோடு.

"இத்தினி நாளா பொம்மையாட்டம் இருந்தான். இப்பத்தான் மனுசன் ஆயிருக்கான்" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

அப்பா அவளையே பார்த்தார். "நான் போவலை, வசந்தா."

"போவ வேணாம்னு யாரு சொன்னது? எங்களையும் இட்டுக்கினு போங்க."

அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் ஆளாளுக்குப் பேசிய பேச்சில், கேப்டன் அவர்களை மீட்டானா என்று யாருமே பார்க்கவில்லை. அடுத்த மாதம் மூன்று பேருமாக பெங்களூர் பஸ் ஏறினோம்.

மகளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, நானும் டிவி முன்னால் உட்கார்ந்தேன்.