மவுஸ் பிடித்த கை

பிளஸ் டூவில் நான் எடுத்தது தொழிற்பிரிவு. பொறியியல் வரைபடம்தான் முக்கியப் பாடம். மார்க் இல்லாததுகள் போய் ஒதுங்குகிற இடம் என்று ஊரில் அதற்குப் பெயர். எனக்கு மார்க் இருந்தது; வரைவது பிடித்துத்தான் சேர்ந்தேன். இதைச் சொன்னால் நம்ப ஆளில்லை, அப்பாவையும் சேர்த்து.

அப்பாவுக்கு ஊரிலேயே மளிகைக் கடை. படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் கடையில் உட்கார வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். துறைமுகத்துப் பக்கம் இரும்புச் சட்டங்கள் செய்கிற ஒரு பட்டறை, வருடா வருடம் எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு ஆளை வரைபட வேலைக்கு எடுக்கும். அந்த இடம் எனக்கு வேண்டும். வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை.

முதல் வருடம் முழுக்கக் காகிதத்தில் வரைந்தோம். என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் வந்தது. உப்புக் காற்றில் பாதி மெஷின் செத்துப் போயிருந்ததால் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். பையன் மவுஸைப் பிடிப்பான். பெண்பிள்ளை தாளைப் பார்த்து, எந்தக் கோடு, எவ்வளவு நீளம், எங்கே வளைவு என்று சொல்ல வேண்டும். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. முதல் நாள் அப்படி உட்கார்ந்தோம், அதுவே நிலைத்துவிட்டது. நான் மவுஸைக் கேட்டால் என் ஜோடிப் பையன், இதை மட்டும் முடித்துவிடுகிறேன் என்பான். சாரிடம் போனேன். மெஷின் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்றார். பையன் தொட்டால் கெடாதாம்.

வருடம் முழுக்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் போட்டுக்கொண்டே இருந்தான்.

பட்டறையிலிருந்து ஆள் எடுக்க வந்தவர் ஒரு இரும்புத் துண்டை மேசையில் வைத்து, அளந்து, முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படம் வரையச் சொன்னார். அன்றைக்கு மட்டும் தலைக்கு ஒரு மெஷின். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கைதான் தெரியாமல் நின்றது. மவுஸை ஒரு பக்கம் இழுத்தால் கோடு வேறு பக்கம் போனது. பக்கத்து மெஷினில் இருந்த என் ஜோடிப் பையன் மெல்லச் சாய்ந்து கேட்டான்.

"ஏளா, சைடு வியூல அந்த ஓட்டைக்கு முழுக்கோடா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டு," என்றேன். வெளியே தெரியாத ஓட்டையை அப்படித்தான் காட்ட வேண்டும்.

யோசிக்கவே இல்லை. ஒரு வருடம் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு இரண்டு படம் முடிவதற்குள் நேரம் முடிந்தது. அவன் மூன்றையும் முடித்திருந்தான்.

இடம் அவனுக்குப் போனது. சார் என்னைப் பார்த்து, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றார். சுரைக்காயை ஏட்டிலேயே வைத்திருந்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அப்பா சொன்னபடி கடையில் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் பைக்கில் வந்து இறங்கினான். பட்டறை எப்படி இருக்கிறது என்று அப்பா அவனை உட்காரவைத்து விசாரித்தார். அவர் உள்ளே போனதும் போனை என் முன்னால் நீட்டினான். திரையில் ஒரு வரைபடம்.

"இதுல ஏதோ தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாவ. எங்கனன்னு தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மேலிருந்து பார்க்கிற படத்தில் இருந்த ஒரு ஓட்டையை முன்பக்கப் படத்தில் காட்டாமல் விட்டிருந்தான்.

"எனக்கு அதெல்லாம் மறந்துட்டு. ஒனக்கு என்ன சாமான் வேணும்?"

அவன் போனைப் பையில் போட்டான். பிறகு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனான். சொல்லாமல் விட்டதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அன்று முழுக்கப் பருப்பு நிறுத்துக்கொண்டே, அவன் விட்ட அந்த ஓட்டையை மனதுக்குள் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.