ஏசிக்கு நான் சொன்ன விலை

என் மனைவி கேக் செய்பவள். ரங்கூனில், பபேடான் பேட்டையில் ஆறாவது மாடியிலிருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில்தான் அவளுடைய வேலை எல்லாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து அவள் பிழியும் ரோஜாக்கள் நிற்க வேண்டுமானால் அறை குளிர்ந்திருக்க வேண்டும். ரங்கூன் வெயிலில் மின்விசிறியை மட்டும் நம்பினால் ரோஜா அரை மணி நேரத்தில் கஞ்சியாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஏசி இருந்தது அவளுக்காக அல்ல, ரோஜாவுக்காக.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் அந்தப் பழைய ஏசி உறுமிவிட்டு நின்றது. அவள் சந்தைக்குப் போயிருந்தாள். இன்சீனிலிருந்து மெக்கானிக் வந்தார், நம் தமிழ் ஆள்தான். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கம்ப்ரெசர் போச்சு, ஊலே. இதுக்குச் செலவு பண்றது வீண். புது செட்டு, பைப்பு, மாட்டுற கூலி எல்லாஞ் சேத்து பன்னெண்டு லட்சம் கியாட் ஆவும்."

ஊலே என்பது இங்கே மாமா. அந்த மாமாவிடம் பன்னிரண்டு லட்சம் இருந்தது. கப்பல் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த பணம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் பைகளை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி, "எவ்வளவாம்?" என்றாள்.

"இருபத்துநாலு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பின் என்னைத் தேடி ஒருவர்கூட வரவில்லை. அவளைத் தேடி நாள் முழுக்க ஆறு மாடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கதவைத் திறக்கும் என்னிடம், "ஆன்ட்டி இல்லையா?" என்று கேட்டார்கள். பொறாமைதான். வேறு பெயர் வைக்க முயன்றிருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை.

முப்பது வருடம் பில்களைச் சரிபார்த்தவன் நான். நான் ஓர் எண் சொன்னால் அவள் மறுபடி கேட்க மாட்டாள். அன்றும் கேட்கவில்லை. மூன்று கேக்குகளுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஐசிங் குழாய்களைக் கழுவித் துடைத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். வீடு அமைதியாயிற்று. நான் விரும்பிய அமைதி. ஒரு வாரத்திலேயே அது எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கோடை போயின. கல்யாண வீடுகளில் பிறர் செய்த கேக்கை அவள் விரலால் லேசாகத் தொட்டுப் பார்ப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இந்த வருடம் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வாரம் இருவரும் கோயிலுக்குக் கிளம்பிப் படி இறங்கினோம். நாலாம் மாடித் திருப்பத்தில் அதே மெக்கானிக், ஓர் ஆளுடன் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். அடுத்த வீட்டுக்குப் புது ஏசி. வழிவிட்டு ஒதுங்கிய என் மனைவி கேட்டாள்:

"இப்போ என்ன தம்பி விலை?"

"இருபத்துநாலு ஆயிருச்சு, ஆன்ட்டி. டாலர் ஏறிக்கிட்டே போவுதே."

"பரவாயில்லையே! ரெண்டு வருஷமா ஏறவே இல்லையா?"

"ஏறலையாவது! அன்னிக்குப் பன்னெண்டுதானே? ஊலேகிட்டே சொன்னேனே."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "கனக்குது, கனக்குது, தூக்குப்பா" என்று கூட வந்த ஆளை அவசரப்படுத்திக்கொண்டு மேலே மறைந்தார்.

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம்" என்றாள். நானும் உட்கார்ந்தேன். கதவு, ஆன்ட்டி, பொறாமை, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"என் மேலயா பொறாமை? மாவுக் கையோட நிக்கிறவ மேல? பேரன் எடுத்த வயசுல!" சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "என்னங்க, நீங்க சொன்ன விலை இருபத்துநாலு. இன்னிக்கு விலையும் இருபத்துநாலு. சொன்ன விலைக்கே வாங்கிக் குடுங்க."

என் பன்னிரண்டு லட்சத்துக்கு இப்போது பாதி ஏசிதான் வரும். மீதிப் பாதிக்கு என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நகைக்கடையில் கொடுத்தேன். தங்கமும் ஏறியிருந்ததால் தப்பித்தேன். வெறும் கழுத்தோடு வெயிலில் வீடு திரும்பியபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், விசிலடிக்கத் தோன்றியது.

ஏசி மாட்டிய அன்று கரண்ட் இல்லை. டப்பாவைத் திறந்து குழாய்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தினார்கள். கரண்ட் வந்தால் இந்த ஊரே அப்படித்தான் கத்தும். அன்று நானும் கத்தினேன். வந்தால் நாலு மணி நேரம்தான். அதற்குள் அறை குளிர வேண்டும், ரோஜாக்கள் இறுக வேண்டும். அவள் கை இரண்டு வருட ஓய்வை மறந்து ஓடியது. "கதவைச் சாத்துங்க, குளிரு போவுது! உள்ளே நின்னு சாத்துங்க, வெளியே நின்னு இல்லை!" கேக் தட்டைச் சுற்றிவிடும் வேலை எனக்குக் கிடைத்தது. வேகமாகச் சுற்றினால் திட்டு, மெதுவாகச் சுற்றினாலும் திட்டு.

க்யிம்யிண்டைங்கிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அம்மா கேக் வாங்க வந்தார். மூன்று அடுக்கு வெள்ளை ரோஜாவைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு நாள் ஏன் ஆன்ட்டி செய்யாம இருந்தீங்க?"

என் மனைவி என்னைக் காட்டினாள். "அவரைக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

"ஏசி பன்னெண்டு லட்சம்னு சொன்னாங்க. நான் இவகிட்ட இருபத்துநாலுன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி சிரித்துக்கொண்டே பெட்டியின் மூடியைப் பொருத்தி என் பக்கம் தள்ளினாள். "தூக்குங்க. ஆறு மாடி. மெதுவா. ரோஜா ஒண்ணு நசுங்கினாலும் அடுத்தவங்ககிட்டயும் சொல்ல வைப்பேன்."

ஒன்றும் நசுங்கவில்லை. ஆனாலும் அடுத்து வந்தவர்களிடமும் சொல்ல வைத்தாள்.