சூட்டோடு அளக்காதே

இன்ஸ்பெக்‌ஷன் வேலை என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு ஷிப்ட் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓசூரில் வண்டிகளுக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, செய்கிற கம்பெனி. ஒவ்வொரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, துளி கூடினாலும் துளி குறைந்தாலும் கழித்துச் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை.

நான் திருநங்கை. ஒன்பது வருடமாக ஹார்மோன் மாத்திரை போடுகிறேன். நான் ஷாஃப்டை அளக்கிறேன். பெங்களூரில் ஒரு டாக்டரம்மா என் ரத்தத்தை அளந்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். சுகர், பிரஷர், தைராய்டு என்று மாத்திரை டப்பா தூக்கும் மகாஜனங்களே, ரிப்போர்ட் கவரைப் பிரிக்கும்போது எந்தெந்தச் சாமி ஞாபகத்துக்கு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: டோசைக் குறைத்துவிடுவாரோ என்பது. ஒரு தடவை மருந்து கிடைக்காமல் இரண்டு மாதம் விட்டுப்போனது. உடம்பு அனலாக எரிந்தது, தாடை சொரசொரத்தது, கண்ணாடியில் பழைய முகம் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. உட்கார்ந்து அழுதேன். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

மஞ்சள் விளக்கு

ஆண் ஹார்மோனை அடக்க ஒரு மாத்திரை உண்டு. அது ஆண் ஹார்மோனை அடக்குகிறதோ இல்லையோ, பாத்ரூமுக்கு ஓட வைக்கும். எங்கள் லைனில் சும்மா எழுந்து போக முடியாது. தலைக்கு மேலே இருக்கும் மஞ்சள் விளக்கைப் போட்டால், நம் இடத்தில் உட்கார மாற்று ஆள் வருவார். டாக்டரம்மா அந்த மாத்திரையைக் கூட்டிய மாதம் என் விளக்கு தீபாவளி கொண்டாடியது.

ஒவ்வொரு முறை விளக்கு எரிவதையும் ஆபீசில் கம்ப்யூட்டர் ஒரு கோளாறு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் "ஏழாம் நம்பர் டேபிளில் தொடர்ந்து கோளாறு" என்று ரிப்போர்ட் போய், மெயின்டெனன்சிலிருந்து மஞ்சுநாத் டூல் பெட்டியோடு வந்துவிட்டான். டேபிளைக் கவிழ்த்து, வயரைக் கழற்றி, ஒரு மணி நேரம் குடைந்தான். வேறு வழியில்லாமல் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். வயரை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டியபடி சொன்னான்: "அக்கா, இத மொதல்லயே சொல்லியிருந்தா டேபிள ரிப்பேர் பண்றதுக்கு பதிலா பாத்ரூம் பக்கத்துல தூக்கி வெச்சிருப்பன்ல?"

முனிரத்தினத்தின் இளநீர்

அடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறிவிட்டது. அந்த ஓட வைக்கிற மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே பிடித்து வைக்குமாம். "தினம் என்ன சாப்பிடற?" என்றார் டாக்டரம்மா. காலையில் ஒரு இளநீர், ஷிப்ட் முடிந்து ஒரு இளநீர், நடுவில் இரண்டு வாழைப்பழம் என்று பெருமையாகச் சொன்னேன். முகம் பளபளக்கும் என்று தோழிகள் சொல்லியிருந்தார்கள். அவர் பேனாவை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் குடித்ததெல்லாம் பொட்டாசியம்தானாம்.

கேட்டுக்கு வெளியே வண்டி போட்டிருக்கும் முனிரத்தினத்திடம் இனி இளநீர் வேண்டாம் என்று சொன்னேன். வீட்டில் தெலுங்கும் வியாபாரத்தில் தமிழும் பேசுகிற மனுஷன். ஏற்கெனவே சீவிய காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருவது வருசமா இளநி விக்கறன். ஒடம்புக்கு ஆகாதுன்னு சொன்ன மொத ஆளு உங்க டாக்டரம்மாதான்! அய்யோ ராமா, இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

மெடிக்கல் வரிசையில்

பெண் ஹார்மோன் மாத்திரையை மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கொடுப்பார்கள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கலில் என் சீட்டையும், பின்னால் நின்ற ஒரு அம்மாவின் சீட்டையும் வாங்கிப் பார்த்த கடைக்காரர், இரண்டு பேர் முன்னாலும் ஒரே அட்டையை வைத்தார். அந்த அம்மா என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரி, ஆரம்பிக்கப் போகிறது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உனக்கும் திடீர் திடீர்னு வேர்க்குதா கண்ணு? எங்க வீட்ல ஃபேன் போட்டா எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க."

சூட்டோடு

இனி வருவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. போன வருடம் ஒரு ரிப்போர்ட்டில் பெண் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறி வந்தது. டாக்டரம்மா டோசைக் குறைத்தார். அடுத்ததில் அதலபாதாளத்துக்கு இறங்கியது, பழையபடி கூட்டினார். மூன்றாவதில் மறுபடி உச்சி. இந்த முறை அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிருந்தா, நிஜம் சொல்லு. சீக்கிரம் மாற்றம் வரணும்னு நீயே எக்ஸ்ட்ரா போட்டுக்கறயா? இன்னொரு தடவை இப்படி வந்தா பாதியாக் கொறச்சிடுவேன். ரத்தம் கட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" சத்தியம் செய்தேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அத்திப்பள்ளி தாண்டும் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்தக் கடுப்பெல்லாம் ஆபரேட்டர் சேகர் மேல் இறங்கியது. கிரைண்டிங் மிஷினிலிருந்து எடுத்த ஷாஃப்டைச் சூடு ஆறாமலே அளந்து, சைஸ் கூடியிருக்கிறது என்று செட்டிங்கை மாற்றியிருக்கிறான். ஆறின பிறகு எல்லாமே சைஸ் குறைந்து, முப்பது ஷாஃப்ட் சிவப்புத் தொட்டிக்குப் போனது. "இரும்பு சூட்ல பெருசாத்தான் காட்டும்! எடுத்த ஒடனே ஒரு தரம், ஆறினப்புறம் ஒரு தரம் அளந்தா எப்படிய்யா ஒத்து வரும்?" என்று கத்தினேன். பக்கத்து ஸ்டூலில் இருக்கும் கமலா அக்கா, உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், டீ பிரேக்கில் நான் மாத்திரை போடுவதையும் லேபுக்கு ஓடுவதையும் கவனித்து வைத்திருந்தவர், அளப்பதை நிறுத்தாமலே லைனுக்கே கேட்கிற குரலில் கேட்டார்: "ஏன்டி, நீ மட்டும் மாத்திரையப் போட்ட சூட்டோட போயி ரத்தம் குடுக்கறியே, அது மட்டும் ஒத்து வருமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்கு இரண்டு ஷிப்ட், வாரம் மாற்றி வாரம். மாத்திரையை மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தேன்: ஷிப்டின் இரண்டு டீ பிரேக்கிலும் ஒவ்வொன்று. காலை ஷிப்ட் வாரத்தில் பன்னிரண்டரை மணி டீக்கு மாத்திரை, இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நேரே லேப். மதிய ஷிப்ட் வாரத்திலோ முந்தின நாள் இரவு எட்டரை மணி டீக்குப் போட்டதோடு சரி, மறுநாள் காலை ஒன்பதுக்கு லேப். டோஸ் ஆடவில்லை, நான்தான் ஆடியிருக்கிறேன்.

கம்பெனியில் சைஸ் குறிக்கிற கட்டம் போட்ட தாளிலேயே எல்லாவற்றையும் எழுதினேன்: எந்த ஷிப்ட், மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு, ரிசல்ட் என்ன. கீழே சூடான ஷாஃப்ட் கதையையும், சிவப்புத் தொட்டியையும் இரண்டு வரியில் சேர்த்தேன். டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். பாதியாகக் குறைக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் போட்டு, மாத்திரைக்கு இத்தனை மணி நேரம் கழித்து என்று கணக்காக ரத்தம் கொடுக்கச் சொன்னார். அப்படிக் கொடுத்த ரிப்போர்ட் வந்தபோது, எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பழைய டோசே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மாத்திரை போடறயான்னு ஒம்பது வருஷமா கேட்டேன், எத்தன மணிக்குப் போடறேன்னு கேட்கவே இல்ல. உங்க சிவப்புத் தொட்டியில மொதல்ல என்னைத்தான் போடணும்."

இப்போது காலை ஷிப்ட் என்றால் காலை எட்டுக்கும், மதிய ஷிப்ட் என்றால் இரவு எட்டுக்கும் "பிருந்தாக்கா, மாத்திரை!" என்று லைனே கத்துகிறது, ஒன்பது வருடமாக நான் கட்டிக் காத்த ரகசியம் போயே போய்விட்டது, டோஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.